பக்கத்து வீட்டுக்கு 4,900 டாலர், எங்களுக்கு மட்டும் 13,230 டாலரா?

கேள்வி: வணக்கம் மேடம். மிச்சிகனில் டெட்ராய்ட்டுக்கு வடமேற்கே இருக்கும் நோவை நகரத்தில் 2024 மே மாதம் ஐந்து லட்சம் டாலருக்கு ஒரு வீடு வாங்கி, ஜூனில் குடிவந்தோம். விற்றவர்கள் வயதான தம்பதி. முப்பது வருஷம் அந்த வீட்டில் இருந்தவர்கள். சொத்து வரி வருஷத்துக்கு 4,680 டாலர் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது, ரியல்டரும் அதையேதான் சொன்னார். கடன், இன்ஷூரன்ஸ், வரி எல்லாம் சேர்த்து மாதத் தவணை 3,130 டாலர். இந்த ஜனவரியில் கடன் கொடுத்த நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது: இனிமேல் மாதம் 4,670 டாலர் கட்ட வேண்டுமாம். விசாரித்தால், 2025-க்கான சொத்து வரி 13,230 டாலர் என்கிறார்கள். பக்கத்து வீடும் எங்கள் வீடும் ஒரே பில்டர் ஒரே வருஷத்தில் கட்டியவை, அளவும் ஒன்றுதான். அங்கே இருக்கும் பாட்டி 4,900 டாலர்தான் கட்டுகிறார். வெளியிலிருந்து வந்தவர்கள் என்பதால் நம் தலையில் கட்டுகிறார்களோ என்று என் மனைவி கேட்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை. அப்பீல் செய்தால் குறையுமா? இல்லையென்றால் வீட்டை விற்றுவிடலாமா, விற்காவிட்டால் வாடகைக்கு விட்டுவிட்டு டெக்சஸ் போய்விடலாமா என்று யோசிக்கிறோம். வரி பில்லையும், பிப்ரவரியில் வந்த நோட்டீஸையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் வீட்டை விற்கும் பேச்சை நிறுத்தி வையுங்கள். நீங்கள் அனுப்பிய காகிதங்களைப் பார்த்துவிட்டேன். அந்த 13,230 டாலரில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, மிச்சிகனில் வீடு வாங்கும் எல்லோருக்கும் சட்டப்படி வருவது, அதை யாராலும் குறைக்க முடியாது. இன்னொன்று, ஒரு படிவம் கொடுக்காமல் விட்டதால் வந்த 4,410 டாலர். அது உங்களுக்குத் திரும்பி வர வேண்டிய பணம். அதை வாங்கும் வழியைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் மனைவியின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மனதில் உறுத்திக்கொண்டிருப்பது அதுதான் என்று தெரிகிறது. உங்களை யாரும் குறிவைக்கவில்லை. அந்த வீட்டை 2024-இல் யார் வாங்கியிருந்தாலும், மிச்சிகனிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், அந்தப் படிவத்தால் வந்த தொகை நீங்கலாக இதே உயர்வு வந்திருக்கும். பாட்டியின் வரி குறைவாக இருப்பதற்கு முக்கியக் காரணம், அவர் அந்த வீட்டில் பல வருஷங்களாக இருக்கிறார் என்பதுதான். இந்த ஊரில் வரி வீட்டைப் பொறுத்து மட்டும் வருவதில்லை, அந்த வீட்டை நீங்கள் எப்போது வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தும் வருகிறது.

இது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் கோபம் கொஞ்சம் தணியும். 1990-களின் தொடக்கம் வரை மிச்சிகன் பள்ளிகள் பெரும்பாலும் உள்ளூர் சொத்து வரியை நம்பியே ஓடின. மக்கள் வாக்களித்தால்தான் பல ஊர்களில் வரி விகிதத்தைப் புதுப்பிக்க முடியும். வடக்கே கால்கஸ்கா என்ற சிறிய ஊரில் வாக்காளர்கள் வரியை நிராகரித்துவிட்டார்கள். 1993 மார்ச் மாதம், கல்வியாண்டு முடிய இன்னும் பத்து வாரங்கள் இருக்கும்போதே, பணம் இல்லை என்று பள்ளிகளை மூடிவிட்டார்கள். நாடு முழுக்கச் செய்தியானது. அதே வருஷம் கோடையில் மாநிலச் சட்டமன்றம், பள்ளிகளை நடத்துவதற்கான சொத்து வரியையே ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது. அந்தப் பள்ளத்தை நிரப்ப 1994 மார்ச் 15 அன்று மக்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்டதுதான் 'ப்ரொபோசல் ஏ'. விற்பனை வரி 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானது. சொத்து வரிக்கு ஒரு உச்சவரம்பு வந்தது. உங்கள் கதை அந்த உச்சவரம்பில் தொடங்குகிறது.

உங்கள் நோட்டீஸில் இரண்டு எண்கள் இருப்பதைப் பாருங்கள். ஒன்றை எஸ்.இ.வி. என்பார்கள். வீட்டின் சந்தை மதிப்பில் சரியாகப் பாதி. இன்னொன்று டாக்ஸபிள் வேல்யூ, அதாவது வரி மதிப்பு. வரி கணக்கிடுவது இந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான். சந்தை எவ்வளவு ஏறினாலும், ஒரே ஆள் கையில் வீடு இருக்கும் வரை, வரி மதிப்பு ஒரு வருஷத்தில் விலைவாசி உயர்வு விகிதம் அல்லது 5 சதவீதம், இதில் எது குறைவோ அதற்கு மேல் ஏறாது. 2023-இல் விலைவாசிக் கணக்கு 7.9 சதவீதம் வந்தது, ஆனாலும் வரி மதிப்பு 5 சதவீதம்தான் ஏறியது. 2025-இல் 3.1 சதவீதம். புதிதாக அறை கட்டினால் அதன் மதிப்பு மட்டும் தனியாகச் சேரும்.

இப்படி முப்பது வருஷம் போனால் என்ன ஆகும்? சந்தை ஒரு பக்கம் ஓடிவிடும், வரி மதிப்பு பின்னால் மெதுவாக நடந்து வரும். உங்களுக்கு விற்ற தம்பதியின் வரி மதிப்பு 1,30,000 டாலரில் நின்றது. வீடு கைமாறியதும் அந்த உச்சவரம்பு அந்த இடத்திலேயே அறுந்துவிடும். கைமாறியதற்கு அடுத்த வருஷம் வரி மதிப்பு எஸ்.இ.வி.க்கு ஒரே தாவாகத் தாவும். உங்களுக்கு 2025-இல் அது 2,45,000 ஆனது. அங்கிருந்து மறுபடியும் உச்சவரம்பு தொடங்கும், இந்த முறை உங்கள் பெயரில்.

2024-இல் ஒன்றும் தெரியாமல் போனதற்குக் காரணமும் இதுதான். வாங்கிய வருஷம் முழுக்க விற்றவரின் பழைய வரியே ஓடும். மே மாதம் வாங்கிய உங்களுக்கு ஏழெட்டு மாதம் அந்தச் சலுகை கிடைத்தது. டிசம்பர் கடைசியில் பத்திரம் முடிக்கிறவருக்குச் சில நாள்தான். அதையே ஜனவரி முதல் வாரத்துக்குத் தள்ளிப் போட்டால் ஏறக்குறைய ஒரு வருஷம் பழைய வரி கிடைக்கும். வீடு பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

நீங்கள் இணைத்திருக்கும் நோட்டீஸ் 2025 பிப்ரவரியில் வந்தது. அதன் மேலே 'இது வரி பில் அல்ல' என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு எடுத்து வைத்துவிடுகிற குடும்பங்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். உண்மையில் வீட்டுக்காரருக்கு வருஷத்தில் வரும் மிக முக்கியமான காகிதம் அதுதான். ஜூலையில் வரும் கோடை பில்லும் டிசம்பரில் வரும் குளிர்கால பில்லும் அதில் தீர்மானமானதைத்தான் வசூலிக்கின்றன. உங்களுக்கு அந்த பில்கள் எஸ்க்ரோ கணக்கு (வரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் உங்கள் தவணையிலிருந்து கடன் நிறுவனம் ஒதுக்கி வைக்கும் கணக்கு) வழியாகப் போய்விட்டதால் கண்ணிலேயே படவில்லை.

ரியல்டர் மேல் உங்களுக்கு இருக்கும் வருத்தம் நியாயமானது. விற்றவரின் வரியை 'இந்த வீட்டின் வரி' என்று சொல்வது, சொல்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வாங்குகிறவரைத் தவறான கணக்கில் கொண்டுபோய் நிறுத்துகிறது. விற்பவர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் டிஸ்க்ளோஷர் படிவத்தில், உங்கள் வரி விற்பவரின் வரியைப் போலவே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள் என்ற எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போட நூறு பக்கம் நீட்டப்படும் நாளில் அதை யார் நின்று படிக்கிறார்கள்? என்னைக் கேட்டால், விளம்பரத்திலேயே புதியவருக்கு வரப்போகும் வரியை மதிப்பிட்டுப் போட வேண்டும். கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. வாங்கும் விலையில் பாதியை எடுத்து, அதை ஆயிரத்தால் வகுத்து, அந்த இடத்தின் மில் விகிதத்தால் பெருக்கினால் போதும். மாநிலக் கருவூலத்துறையின் இணையதளத்திலும் இதற்கென ஒரு கணிப்பான் இருக்கிறது.

ஒரு மில் என்பது வரி மதிப்பில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர். உங்கள் பில்லில் வரிசையாக இருக்கும் பெயர்களைப் பாருங்கள்: மாநிலக் கல்வி வரி 6 மில், ஓக்லண்ட் கவுண்ட்டி, சமுதாயக் கல்லூரி, பள்ளிக் கடன், பூங்காக்கள், டெட்ராய்ட் விலங்குக் காட்சிசாலை, டெட்ராய்ட் கலைக்கூடம், அப்புறம் நகரம். நகரத்துக்குப் போவது அதில் ஒரு பங்குதான். நோவையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊர் ஒன்று, பள்ளி மாவட்டம் நான்கு: நோவை, நார்த்வில், சவுத் லையன், வால்ட் லேக். தெரு மாறினால் பள்ளி மாறும், வரி விகிதமும் மாறும். அதனால் ஊரில் வேறு மூலையில் இருக்கும் நண்பரின் வரியோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

உங்கள் கணக்குக்கு வருவோம். விற்ற தம்பதிக்கு 1,30,000-க்கு 36 மில் வீதம் 4,680 டாலர். பாட்டிக்கு 1,36,000-க்கு அதே 36 மில், ஏறக்குறைய 4,900. அப்படியென்றால் உங்களுக்கு 2,45,000-க்கு 36 மில் வீதம் 8,820 டாலர்தானே வர வேண்டும்? பில்லில் 13,230 இருக்கிறது. ஏனென்றால் உங்களுக்கு 54 மில் போட்டிருக்கிறார்கள்.

பில்லில் 'பி.ஆர்.இ.' (சொந்தக் குடியிருப்புக்கான விலக்கு) என்ற வார்த்தைக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 0% என்று இருக்கிறது. கோளாறு அங்கேதான். சொந்த வீட்டில் தானே குடியிருப்பவருக்கு, பள்ளி நடத்துவதற்கான 18 மில்லிலிருந்து விலக்கு உண்டு. வாடகைக்கு விட்ட வீடு, விடுமுறை வீடு இவற்றுக்கு அந்த விலக்கு கிடையாது. அந்த விலக்கு தானாக வராது, படிவம் 2368 கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பெரும்பாலும் க்ளோஸிங் அன்று, அதாவது பத்திரம் முடிக்கும் நாளில், மற்ற காகிதங்களோடு அதையும் கையெழுத்து வாங்கி நகர அசெஸர் (வீடுகளின் மதிப்பைக் கணிக்கும் அதிகாரி) அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். உங்கள் விஷயத்தில் அது நடக்கவில்லை, அல்லது அனுப்பியது போய்ச் சேரவில்லை. விற்றவரின் விலக்கு 2024 டிசம்பர் 31 வரை ஓடியதால் அந்த வருஷம் தெரியவில்லை. 2025-இல் நீங்கள் வீட்டை வாடகைக்கு விட்டவர் போல ஆகிவிட்டீர்கள். 18 மில், 2,45,000 டாலர் வரி மதிப்பு: 4,410 டாலர்.

நாளையே அசெஸர் அலுவலகத்துக்கு போன் செய்து, விலக்கு ஏன் 0% என்று கேளுங்கள். மரியாதையாகப் பேசுங்கள், தினமும் இதே கேள்வி அவர்களிடம் வருகிறது, உதவுவார்கள். படிவம் 2368-ஐ நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ஒரு பிரதி வாங்குங்கள். ஜூன் 1-க்குள் கொடுத்தால் 2026 கோடை பில்லிலேயே சரியாகிவிடும். அதை விட்டால் நவம்பர் 1, அது குளிர்கால பில்லுக்கு மட்டும். இதில் ஒரு எச்சரிக்கை: வேறு மாநிலத்தில் உங்களுக்கோ உங்கள் மனைவிக்கோ இன்னொரு வீடு இருந்து, அங்கே இதே மாதிரி ஹோம்ஸ்டெட் விலக்கு வாங்கிக்கொண்டிருந்தால், இங்கே கேட்க முடியாது. முதலில் அதை ரத்து செய்ய வேண்டும்.

2025-க்குப் போன பணத்தை மீட்பது தனி வேலை. அது மார்ச் மாதம் கூடும் போர்டு ஆஃப் ரிவியூவின் (வரி மதிப்பு பற்றிய ஆட்சேபங்களைக் கேட்கும் உள்ளூர்க் குழு) அதிகாரத்தில் இல்லை. பலர் அங்கே போய் நின்று ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். ஜூலையிலோ டிசம்பரிலோ கூடும் போர்டுதான் இதைப் பார்க்கும். நடப்பு வருஷத்துக்கும் அதற்கு முந்தைய மூன்று வருஷங்களுக்கும் விலக்கைத் திருத்தித் தர அவர்களுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, அதனால் 2025 தாராளமாக உள்ளே வருகிறது. ஜூலைக் கூட்டம் வழக்கமாக மூன்றாவது திங்கள்கிழமைக்கு அடுத்த செவ்வாய். தேதியை அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். 2024 ஜூனிலிருந்து நீங்கள் அங்கேதான் குடியிருக்கிறீர்கள் என்பதற்கு ஆதாரம் தேவை: புதிய முகவரி உள்ள ஓட்டுநர் உரிமம், வருமான வரிப் படிவம், மின்சார பில். இவ்வளவும் இருந்தால் மறுக்க அவர்களுக்குக் காரணமே இல்லை.

இனி நீங்கள் கேட்ட அப்பீல். 2025-இன் மதிப்பை எதிர்க்கும் காலம் போய்விட்டது. 2026-க்கு வழி இருக்கிறது: அந்த வருஷத்து நோட்டீஸில் போட்டிருக்கும் மார்ச் தேதியில் போர்டு முன்னால் ஆட்சேபம் சொல்ல வேண்டும். அங்கே தோற்றால் ஜூலை 31-க்குள் மிச்சிகன் வரித் தீர்ப்பாயத்துக்கு மனு போடலாம். மார்ச்சில் போகாமல் வீட்டு வரிக்கு நேராகத் தீர்ப்பாயம் போக முடியாது. ஆனால் எதைச் சொல்லி வாதாடுவீர்கள்? 'பக்கத்து வீட்டுப் பாட்டி குறைவாகக் கட்டுகிறார்' என்பது வாதமே ஆகாது, சட்டமே அப்படித்தான் இருக்கிறது. உங்கள் வீட்டின் சந்தை மதிப்பு, வரி மதிப்பின் இரண்டு மடங்கை விடக் குறைவு என்று நிரூபித்தால்தான் குறையும். 2025-இல் அவர்கள் போட்ட மதிப்பு 4,90,000. நீங்கள் கொடுத்தது 5,00,000. வாங்கிய விலையே சந்தை மதிப்பு என்று அசெஸர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் சொல்வது உண்மைதான், ஆனால் இங்கே அவர்கள் போட்டது அதைவிடக் குறைவு. அதனால் எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். அசெஸர் அலுவலகத்தில் உங்கள் வீட்டின் ரெக்கார்ட் கார்டைக் கேட்டு வாங்கி, ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து சரிபாருங்கள். சதுர அடி, குளியலறை எண்ணிக்கை, பேஸ்மென்ட் முடிக்கப்பட்டதா இல்லையா, டெக் இருக்கிறதா. வெறும் சிமெண்ட் தரையாக இருக்கும் பேஸ்மென்ட்டை முடிக்கப்பட்டது என்று பதிந்திருந்தால் அதுதான் உருப்படியான வாதம். அப்படி எதுவும் இல்லையென்றால் மார்ச் கூட்டத்துக்காக விடுப்பு எடுக்க வேண்டாம்.

அந்த 4,670 டாலர் தவணை நிரந்தரம் இல்லை என்பதையும் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். கூடியிருக்கும் ஏறக்குறைய 1,540 டாலரைப் பிரித்துப் பாருங்கள். வரி வருஷத்துக்கு 8,550 டாலர் கூடியதால் மாதம் 712. சென்ற வருஷம் எஸ்க்ரோவில் விழுந்த பள்ளத்தைப் பன்னிரண்டு மாதத்தில் நிரப்ப இன்னொரு 712. மீதி, கையிருப்பாக இரண்டு மாதத் தொகை வரை வைத்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதி இருப்பதால் வந்தது. விலக்கு சரியாகி, பள்ளமும் நிரம்பிய பிறகு உங்கள் தவணை 3,475 டாலர் பக்கம் வந்து நிற்கும், வருஷா வருஷம் சிறிது ஏறும். நீங்கள் திட்டமிட்டதை விட மாதம் 350 டாலர் அதிகம்தான். அதுதான் இந்த வீட்டின் உண்மையான விலை, அதை வைத்து முடிவெடுங்கள்.

அதுவரை வரும் மாதங்கள் கஷ்டமாக இருக்கும். கடன் நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள்: விலக்குப் படிவம் கொடுத்த பிரதியை இணைத்து எஸ்க்ரோவை மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள், பற்றாக்குறையைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் பிரித்துத் தர முடியுமா என்றும் கேளுங்கள். பன்னிரண்டுக்கு மேல் கொடுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை, ஆனால் கேட்டால் கொடுப்பவர்கள் உண்டு. 4,410 டாலர் திரும்பி வரும்போது அதைச் செலவு செய்யாமல் எஸ்க்ரோவில் போட்டுவிட்டு, உடனே புதிய கணக்கு கேளுங்கள். எஸ்க்ரோ சரியாகும் வரை குறைவாகக் கட்டுகிறேன் என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள். அது கடன் தவறிய கணக்கில் போய் முடியும்.

ஏப்ரல் 15-க்குள் 2025-க்கான கூட்டரசு வருமான வரி தாக்கல் செய்ய வேண்டும் அல்லவா? அதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மாநில வரி, சொத்து வரி இரண்டையும் சேர்த்துக் கழித்துக்கொள்ளும் உச்சவரம்பு 2018 முதல் 10,000 டாலராக இருந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை 40,000 ஆக்கியது, வருமானம் ஐந்து லட்சம் டாலரைத் தாண்டினால் மட்டும் குறையத் தொடங்கும். தம்பதிக்கான நிலையான கழிவு 31,500. உங்கள் கடன் வட்டி, மிச்சிகனின் 4.25 சதவீத வருமான வரி, இந்தச் சொத்து வரி மூன்றும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும் என்றே நினைக்கிறேன், எனவே ஒவ்வொன்றாகக் கணக்குக் காட்டித் தாக்கல் செய்வது லாபமாக இருக்கலாம். 2025-இல் எஸ்க்ரோவிலிருந்து உண்மையில் கட்டப்பட்ட தொகையைத்தான் காட்ட வேண்டும். 4,410 பின்னால் திரும்பி வந்தால், அதனால் 2025-இல் கிடைத்த சலுகை அளவுக்கு அதை 2026 வருமானத்தில் சேர்க்க வேண்டியிருக்கும். அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய 'விற்காவிட்டால் வாடகைக்கு விட்டுவிட்டு டெக்சஸ் போய்விடலாமா' என்பதற்கு. குடியிருப்பதை நிறுத்திய 90 நாளுக்குள் விலக்கை ரத்து செய்யும் படிவம் 2602-ஐக் கொடுக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 5 டாலர் வீதம் 200 டாலர் வரை அபராதம், பிறகு அந்த 18 மில் பழைய தேதியிலிருந்து வட்டியோடு வரும். வாடகைக் கணக்குப் போடும்போது வருஷத்துக்கு 8,820 அல்ல, 13,230-ஐ வைத்துப் போடுங்கள். அப்போதும் கட்டுப்படியானால் யோசிக்கலாம்.